வேட்டை ரைஃபிளுக்குப் புதுக் கட்டை: அறிகுறியை வைத்துக் கோளாறு கண்டுபிடிப்பது

பழைய ரைஃபிளுக்குத் தன் கையாலேயே புது மரக்கட்டை (இரும்புப் பாகங்கள் உட்காரும், தோளில் வைத்துப் பிடிக்கும் மரப்பாகம்) போடுவது அமெரிக்காவில் பல தலைமுறையாக நடந்துவரும் பொழுதுபோக்கு. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், ராணுவங்கள் கழித்துப்போட்ட மௌசர் 98 ரைஃபிள்கள் அங்கே மலிவு விலைக்கு வந்து குவிந்தன. 1968-இல் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம் வரும்வரை தபாலிலேயே வாங்க முடிந்தது. மிசௌரி மாநிலத்தில் வார்சா என்கிற சின்ன ஊரில் ஃபாஜென், பிஷப் என்று இரண்டு நிறுவனங்கள் முக்கால்வாசி குடைந்த வால்நட் கட்டைகளை விற்றன. மிச்ச வேலையை வாங்கியவர் உளியும் அரமும் வைத்து முடித்துக்கொள்வார். இன்றைக்கும் வேலை அதேதான். மௌசரோடு ரெமிங்டன் 700, வின்செஸ்டர் 70 போன்றவையும் வேலை மேசைக்கு வந்திருக்கின்றன.

கட்டையை மாற்றியதும் ரைஃபிள் முன்னைப்போல் சுடவில்லை, போல்ட் (தோட்டாவை உள்ளே தள்ளி அடைக்கும் இரும்புத் தண்டு) இறுகுகிறது, மரம் பிளக்கிறது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான். மரமும் இரும்பும் தொட வேண்டிய இடத்தில் முழுசாகத் தொட வேண்டும். தொடக் கூடாத இடத்தில் தொடவே கூடாது. எந்த இடம் தொடுகிறது என்று தெரியாமல் உளியை எடுத்தால் ஒரு கோளாறு இரண்டாகும். அதனால் கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் சோதனையை முதலில் சொல்லியிருக்கிறேன், வெட்டுவது அதற்குப் பிறகுதான்.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் சொந்த ரைஃபிளுக்குக் கட்டை மாற்ற மத்தியச் சட்டப்படி உரிமம் தேவையில்லை. அடுத்தவர் ரைஃபிளைக் கூலிக்குச் செய்வதைத் தொழிலாக நடத்தினால் உரிமம் வேண்டும். இந்தியாவில் கதை வேறு. 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கி பழுதுபார்ப்பதையும் மாற்றியமைப்பதையும் உரிம வரம்புக்குள் வைத்திருக்கிறது. ஆகவே இங்கே இருப்பவர்கள் இந்த வேலையை உரிமம் பெற்ற துப்பாக்கிப் பட்டறையிடம்தான் கொடுக்க வேண்டும். கொடுத்ததைச் சரிபார்த்து வாங்க இந்தக் குறிப்பு உதவும்.

வேலை மேசைக்கு வரும் ரைஃபிளில் தோட்டா இருக்கக் கூடாது. போல்ட்டைத் திறந்து கண்ணால் பாருங்கள், சுண்டுவிரலை விட்டும் பாருங்கள். அப்புறம் போல்ட்டைக் கழற்றித் தனியே வையுங்கள். தோட்டாப் பெட்டி அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். தோட்டா ஏறுவதைப் பார்க்க வேண்டியிருந்தால், மருந்தும் அதைப் பற்றவைக்கும் ப்ரைமரும் இல்லாத போலித் தோட்டாக்கள் கடையில் கிடைக்கின்றன. அவற்றை வைத்தே பார்க்க வேண்டும்.

கட்டையைக் குறை சொல்வதற்கு முன்

குண்டு சிதறினால் உடனே கட்டையைக் கழற்றிவிடாதீர்கள். ஸ்கோப்பை (குறிபார்க்கும் தொலைநோக்கி) தாங்கும் தளத்தின் திருகுகள் தளர்ந்திருந்தால் வரும் சிதறலும் மோசமாகப் பொருந்திய கட்டையால் வரும் சிதறலும் தாளில் பார்க்க ஒரே மாதிரி இருக்கும். கட்டை மாற்றும்போது ஸ்கோப்பைக் கழற்றி மாட்டியிருப்பீர்கள், ஆகவே முதல் சந்தேகம் அதன்மேல்தான் விழ வேண்டும். நன்றாகச் சுடும் வேறொரு ரைஃபிளின் ஸ்கோப்பை மாட்டிச் சுட்டுப் பாருங்கள். பேரலில் (துப்பாக்கிக் குழலில்) செம்புப் படிவு இருந்தால் சுத்தம் செய்யுங்கள். பேரலின் வாய் விளிம்பில் அடிபட்டிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள். இவை மூன்றும் காசில்லாத சோதனைகள். இதெல்லாம் சரியாக இருந்தால் மட்டும் கட்டைப் பக்கம் வாருங்கள்.

கரி வைத்துப் பார்ப்பது

இந்த வேலையில் உளியைவிட முக்கியமானது கரிதான். விளக்குக் கரியை ஒரு சொட்டு எண்ணெயில் குழைத்தால் போதும். கடைகளில் இதற்கென்றே குப்பியிலும் விற்கிறார்கள். போல்ட் ஓடும் இரும்புக் கூட்டைத்தான் ஆக்‌ஷன் என்கிறோம். ஆக்‌ஷனின் அடிப்பக்கத்தில், பல் தேய்க்கும் பழைய பிரஷால் மிக மெல்லிசாகப் பூசுங்கள். இரும்பின் நிறம் பூச்சின் வழியே மங்கலாகத் தெரிய வேண்டும், அவ்வளவு மெல்லிசு. தடிமனாகப் பூசினால் தொடாத இடத்திலும் ஒட்டிக்கொண்டு பொய் சொல்லும்.

ஆக்‌ஷனை நேர்மேலிருந்து கட்டையில் இறக்கி, உள்ளங்கையால் ஒருமுறை அழுத்தி, நேராக மேலே தூக்குங்கள். சாய்த்துத் தூக்கினால் கரி இழுபட்டுவிடும். இப்போது ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி கட்டையைச் சாய்த்துப் பாருங்கள். லேசாகத் தொட்ட இடத்தில் கரி மங்கலாக, புகைபோலப் படிந்திருக்கும். அழுத்தித் தொட்ட இடத்தில் கரி நசுங்கி ஓரத்துக்கு ஒதுங்கி, நடுவில் மரம் பளபளவென்று ஒரு புள்ளியாகத் தெரியும், சுற்றிலும் கரிய வளையம் இருக்கும். அந்தப் பளபளக்கும் புள்ளிதான் ஆக்‌ஷனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறது. சுரண்ட வேண்டியது அதை மட்டும்தான். மங்கலாகப் படிந்த இடத்தைத் தொடவே வேண்டாம். கூர்மையான சுரண்டியால் ஒரு இழை எடுத்துவிட்டு மறுபடி கரி, மறுபடி இறக்கம். நல்ல கட்டைக்காரர்கள் இதை ஒரு மாலை முழுக்கச் செய்வார்கள், அலுத்துக்கொள்ள மாட்டார்கள்.

முதல் குண்டு சரி. சூடேறினால் குண்டு ஒரே பக்கமாக நகர்கிறது

குளிர்ந்த பேரலில் முதல் குண்டு நினைத்த இடத்தில் விழுகிறது, இரண்டாவது கொஞ்சம் மேலே, மூன்றாவது இன்னும் மேலே. சற்று ஆறவிட்டுச் சுட்டால் மறுபடி பழைய இடம். பேரல் மரத்தைத் தொடுகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. சூடாகும்போது பேரல் விரிந்து, தொடும் இடத்தில் மரத்தை உந்தி, எதிர்ப்பக்கமாகத் தள்ளப்படுகிறது.

ஒரு ரூபாய் நோட்டைப் பேரலுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் விட்டு, கட்டையின் நுனியிலிருந்து ஆக்‌ஷன் வரை இழுத்துப் பாருங்கள். எங்கே தட்டுகிறதோ அங்கே பென்சிலால் குறியுங்கள். நோட்டு தாராளமாகப் போகிறது என்பதற்காகவும் நம்பிவிடக் கூடாது. மேசையில் கிடக்கும் ரைஃபிள் வேறு, முன்கட்டை சாக்குமூட்டையில் அழுந்தி நிற்கும் ரைஃபிள் வேறு. முன்கட்டையைக் கையால் பேரலோடு சேர்த்து அழுத்திக்கொண்டு மறுபடி நோட்டை இழுங்கள். மெல்லிய முன்கட்டைகள் இந்தச் சோதனையில்தான் மாட்டும். சுற்றிலும் ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் வேட்டை ரைஃபிளுக்குப் போதும். உருளைக் குச்சியில் உப்புத்தாளைச் சுற்றித் தேய்த்தால் பள்ளம் சீராக அகலும்.

மௌசருக்கு ஒரு தனிக் குறிப்பு. ராணுவ மௌசரின் பேரல் படிப்படியாகக் குறுகும். சூடான பேரல் முன்னோக்கி நீளும்போது ஒவ்வொரு படியும் தனக்கு முன்னாலிருக்கும் மரத்தை முட்டித் தள்ளும். பக்கவாட்டில் எவ்வளவு இடம் விட்டிருந்தாலும் படிக்கு முன்னால் ஒரு மில்லிமீட்டராவது விடவில்லை என்றால் குண்டு நகரத்தான் செய்யும். நோட்டுச் சோதனையில் இது தெரியாது, கரிதான் காட்டும்.

இதற்கு நேர்மாறான நிலைமையும் உண்டு. பேரலை முழுக்க விடுவித்த பிறகு குரூப் (தாளில் குண்டுகள் விழுந்த கூட்டம்) பெரிதாகிவிட்டது என்றால், அந்த மெல்லிய பேரலுக்கு நுனியில் கொஞ்சம் தாங்கல் தேவைப்படுகிறது. ரெமிங்டன் 700-இன் பழைய தொழிற்சாலைக் கட்டைகளில் முன்நுனியில் வேண்டுமென்றே ஒரு மேடு விட்டிருப்பார்கள். உடனே எபாக்சி (இரண்டு பகுதிகளைக் கலந்தால் கெட்டியாக இறுகும் பசை) ஊற்ற வேண்டாம். விசிட்டிங் கார்டை வெட்டி நுனியிலிருந்து இரண்டு விரல்கடை உள்ளே அடுக்கிச் சுட்டுப் பாருங்கள். குரூப் சுருங்கினால் அதே இடத்தில் நிரந்தரமாக ஒரு மேடு வையுங்கள். சுருங்காவிட்டால் கார்டை எடுத்துவிட்டு அடுத்த அறிகுறிக்குப் போங்கள்.

குண்டு ஒழுங்கே இல்லாமல் சிதறுகிறது, அல்லது இரண்டு இடத்தில் கூட்டமாக விழுகிறது

ஆக்‌ஷன் ஒவ்வொரு உதைக்கும் நகர்ந்து, இரண்டு இடங்களில் மாறி மாறி உட்காருகிறது. இதைக் கண்டுபிடிக்க விரல் போதும். ரைஃபிளைச் செங்குத்தாக நிறுத்தி, முன்கட்டையின் நுனியும் பேரலும் சந்திக்கும் இடத்தில் இடக்கை ஆள்காட்டி விரலை இரண்டிலும் படும்படி வையுங்கள். வலக்கையால், ஆக்‌ஷனைக் கட்டையோடு பிணைக்கும் முன் திருகை மெதுவாகத் தளர்த்துங்கள், மறுபடி இறுக்குங்கள். விரலடியில் பேரல் மேலும் கீழும் அசைவது தெரிந்தால் ஆக்‌ஷன் வளைந்து உட்கார்ந்திருக்கிறது. டயல் கேஜ் வைத்துப் பார்ப்பவர்கள் 0.05 மில்லிமீட்டருக்குள் இருந்தால் விட்டுவிடலாம். அதைத் தாண்டினால் எபாக்சி இருக்கை போட வேண்டிய வேளை வந்துவிட்டது, அதாவது இரும்பு உட்காரும் பள்ளத்தில் எபாக்சியைப் போட்டு இரும்பின் வடிவத்துக்கே இறுகவிட வேண்டும்.

எபாக்சி இருக்கையில் கவனம் வைக்க வேண்டிய இடம் லக். உதையை மரத்துக்குக் கடத்துவது அதன் பின்முகம்தான். ரெமிங்டன் 700-இல் பேரலுக்கும் ஆக்‌ஷனுக்கும் நடுவில் செருகிய தட்டையான தகடு அது; மௌசரில் ஆக்‌ஷனோடு சேர்ந்தே இருக்கும் கட்டி. எபாக்சி போடும்போது லக்கின் முன்முகம், இரு பக்கங்கள், அடிப்பாகம் ஆகியவற்றில் மெல்லிய டேப் ஒட்டிவிடுங்கள். பின்முகத்தை மட்டும் வெறுமையாக விடுங்கள். எபாக்சி இறுகி டேப்பை உரித்ததும், லக் பின்னால் மட்டும் முழு முகமாக உட்கார்ந்து, மற்ற பக்கங்களில் மூச்சுவிடும் இடம் இருக்கும். எல்லாப் பக்கமும் இறுக்கினால் ஒவ்வொரு முறை கழற்றும்போதும் ஓரம் சிதையும். அதோடு லக்கின் அடிப்பாகம் பள்ளத்தின் தரையில் முட்டி ஆக்‌ஷனைத் தூக்கிவிடும்.

எபாக்சி இறுகும் நேரத்தில் திருகுகளை முறுக்கி இறுக்காதீர்கள். நீங்கள் வளைத்து வைத்த நிலையிலேயே எபாக்சி இறுகி, பழைய கோளாறை நிரந்தரமாக்கிவிடும். தலையில்லாத நீளத் திருகுகளை ஆக்‌ஷன் நேராக இறங்குவதற்கு வழிகாட்டியாக மட்டும் வையுங்கள். பிடித்து வைக்க ரப்பர் குழாயைச் சுற்றிக் கட்டினால் போதும்.

எபாக்சி போட்ட ஆக்‌ஷன் கட்டையை விட்டு வர மறுக்கிறது

பதற வேண்டாம், சுத்தியலை எடுக்கவும் வேண்டாம். மறுநாள் திருகுகளைக் கழற்றிவிட்டு, முன்கட்டையை ஒரு கையால் பிடித்து, பேரலின் அடிப்பக்கத்தை ரப்பர் சுத்தியலால் மேல்நோக்கிப் பொத்துப் பொத்தென்று தட்டுங்கள். வரவில்லையென்றால் ரைஃபிளை பாலிதீன் உறையில் சுற்றி இரவு முழுக்கப் பெரிய ஃப்ரீசரில் வையுங்கள். குளிரில் எஃகும் எபாக்சியும் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அந்த வித்தியாசத்திலேயே பல சமயம் பிடி விட்டுவிடும். வெளியே எடுத்த உடனே தட்டிப் பாருங்கள். அப்புறம் இரும்பில் படியும் பனி நீரைத் துடைத்து எண்ணெய் பூச மறந்துவிடாதீர்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் எபாக்சி ஏதோ ஒரு துளைக்குள்ளோ குழிக்குள்ளோ புகுந்து பூட்டிக்கொண்டிருக்கிறது. மௌசரின் இடப்பக்கம் போல்ட் ஸ்டாப், ட்ரிகர் ஊசித் துளைகள், ரெமிங்டனின் தோட்டாப் பெட்டி வாசல் ஆகியவை வழக்கமான இடங்கள். கட்டையைத் தியாகம் செய்து வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லாமலும் போகலாம். இதைத் தவிர்க்கும் வழி ரொம்பச் சுலபம்: குழந்தைகள் விளையாடும் களிமண்ணால் எல்லாத் துளைகளையும் மட்டமாக அடைத்துவிட்டு, இரும்பு முழுக்க நிறமற்ற ஷூ பாலிஷை இரண்டு முறை தடவித் துடைக்க வேண்டும். திருகுகளின் மரையிலும் பூசுங்கள். அதை விட்டுவிடுபவர்கள்தான் அதிகம்.

எபாக்சி இறுகாமல் ரப்பர் மாதிரியே இருக்கிறது என்றால் கலவை விகிதம் தவறு. அக்ராகிளாஸ் என்கிற எபாக்சியின் திரவ வகையில் ரெசின் நான்கு பங்குக்கு இறுக்கி ஒரு பங்கு. அதே பெயரில் வரும் ஜெல் வகையில் சமபங்கு. ஒன்றின் கணக்கை மற்றொன்றுக்குப் போட்டுவிடுவது சகஜமாக நடக்கிறது. இறுக்கியைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்று நினைப்பதும் தப்பு. இறுகாத எபாக்சி பின்னால் இறுகப் போவதில்லை. முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும்.

திருகை இறுக்கினால் போல்ட் கடினமாகிறது

திருகு தளர்ந்திருக்கும்போது போல்ட் வழுக்கிக்கொண்டு போகிறது, இறுக்கியதும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. முன் திருகை மட்டும் ஒரு சுற்றுத் தளர்த்திப் பாருங்கள். உடனே சரியாகிவிட்டால், ரெமிங்டன் 700-ஐப் பொறுத்தவரை முன் திருகு நீளம் அதிகமாகி அதன் நுனி போல்ட்டின் பூட்டுப் பற்களில் இடிக்கிறது. புதுக் கட்டையின் அடி பழையதைவிட மெலிந்திருந்தால் பழைய திருகே இதைச் செய்யும். நுனியை அரத்தால் ஓரிரண்டு மரை குறைத்து, மரையைச் சுத்தம் செய்து மாட்டுங்கள். ஸ்கோப் தளத்தின் முன் திருகும் மேலிருந்து இதே வேலையைச் செய்யும். கட்டையைக் குடைவதற்கு முன் அதையும் ஒருமுறை கழற்றிப் பாருங்கள்.

இரண்டு திருகுகளையும் தளர்த்தினால்தான் சரியாகிறது என்றால் ஆக்‌ஷன் வளைகிறது. மௌசரில் பின் திருகைச் சுற்றி ஒரு சின்ன இரும்புக் குழாய் இருக்கும். மேலே ஆக்‌ஷனின் வாலும் (அதன் பின்முனை நீட்சி) கீழே ட்ரிகர் கார்டும் (ட்ரிகரைச் சுற்றியுள்ள வளையம்) அந்தக் குழாயின் இரு முனைகளில் முட்டி நிற்க வேண்டும். பழைய கட்டையோடு அந்தக் குழாயும் தூரப் போய்விட்ட ரைஃபிள்கள் ஏராளம். குழாய் இல்லாவிட்டால் இறுக்க இறுக்க மரம் நசுங்கி, வால் கீழே இழுபட்டு, போல்ட்டின் பாதை வளையும். குழாயைப் போட்டாலே பாதிப் பேருக்குப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

மௌசரில் மூன்றாவது காரணமும் உண்டு. தோட்டாப் பெட்டியும் ட்ரிகர் கார்டும் ஒரே துண்டு. கீழ்ப்பக்கம் மரத்தை அதிகமாகக் குடைந்துவிட்டால் பெட்டியின் மேல்விளிம்பு ஆக்‌ஷனின் அடியில் போய் முட்டிவிடும். திருகு கல்லாக இறுகியிருக்கும், ஆக்‌ஷனோ மரத்தில் உட்காராமல் பெட்டியின் மேல் உட்கார்ந்திருக்கும். பெட்டிக்கும் ஆக்‌ஷனுக்கும் நடுவில் ஒரு விசிட்டிங் கார்டின் தடிமனுக்கு இடைவெளி தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கீழ்ப்பள்ளத்தை எபாக்சியால் உயர்த்துங்கள். பெட்டியின் விளிம்பை அராவுவது கடைசி வழி, ஏனென்றால் அதில் கை வைத்தால் தோட்டா ஏறும் கோணமும் மாறும்.

தோட்டா சரியாக ஏறவில்லை

பழைய கட்டையில் ஒழுங்காக ஏறிய தோட்டா புதியதில் மூக்கைக் கவிழ்த்துக்கொண்டு நிற்கிறது, அல்லது தாவிக் குதிக்கிறது என்றால் பெட்டியின் உயரம் மாறிவிட்டது. ரெமிங்டன் 700-இல் பெட்டி தனித் தகடு. எல்லாத் திருகையும் இறுக்கிய பிறகு விரலால் தொட்டால் அது மேலும் கீழும் மயிரிழை அசைய வேண்டும். அசையவே இல்லை என்றால் ஆக்‌ஷனைத் தூக்கிக்கொண்டிருக்கிறது, குரூப்பும் கெடும். லொடலொடவென்று ஆடினால் கட்டை தடித்துவிட்டது.

பாதுகாப்பு விசை, ட்ரிகர் சந்தேகம்

புதுக் கட்டை மாட்டியதும், தோட்டா இல்லாத ரைஃபிளில் இந்தச் சோதனைகளை வரிசையாகச் செய்ய வேண்டும். போல்ட்டை வேகமாக மூடுங்கள், பலமுறை. ப்ரைமரை அடிக்கும் ஊசி விழக் கூடாது. பாதுகாப்பு விசையைப் போட்டு ட்ரிகரை அழுத்தி விரலை எடுத்துவிடுங்கள், பிறகு விசையை விடுவியுங்கள். அப்போதும் ஊசி விழக் கூடாது. விசையை விடுவித்த நிலையிலேயே கட்டையை ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள், விழக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் ரைஃபிளைச் சுடுமிடத்துக்கு எடுத்துப் போகாதீர்கள்.

பெரும்பாலும் ட்ரிகர் கூட்டின் பக்கவாட்டில் மரம் உரசிக்கொண்டிருக்கும். மௌசரில் டிம்னி போன்ற புது ட்ரிகரைப் பொருத்தினால், ராணுவ ட்ரிகருக்கான பள்ளம் அதற்குப் போதாது. கரி வைத்துப் பார்த்து, உரசும் இடத்தில் தாராளமாகவே எடுத்துவிடுங்கள். மரம் உரசவில்லை, ஆனாலும் ஊசி விழுகிறது என்றால் அது ட்ரிகரின் உள்வேலை. அதைத் துப்பாக்கிப் பட்டறைக்காரர் பார்க்கட்டும். ரெமிங்டன் 700 வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும்: 2006 மே முதல் 2014 ஏப்ரல் வரை எக்ஸ்மார்க் ப்ரோ ட்ரிகரோடு வெளிவந்தவற்றை அந்த நிறுவனம் 2014-இல் திரும்பப் பெற்றது. பழைய ரைஃபிள் வாங்கிக் கட்டை மாற்றுபவர்கள் தயாரிப்பு ஆண்டைப் பார்த்துவிட்டே மரத்தில் கை வைக்க வேண்டும்.

ஆக்‌ஷனின் வாலுக்குப் பின்னால் மரத்தில் விரிசல்

கைப்பிடியின் கழுத்தில், வால் முடியும் இடத்திலிருந்து மயிரிழையாக ஒரு கோடு பின்னோக்கி ஓடும். முதலில் பாலிஷில் விழுந்த கீறல்போல்தான் தெரியும். ஒரு சொட்டு டர்பன்டைனை அதன்மேல் விட்டுத் துடையுங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பிறகும் கோடு மட்டும் ஈரமாகக் கறுத்துத் தெரிந்தால் அது விரிசல்.

காரணம் விரிசல் இருக்கும் இடத்தில் இல்லை, ஒரு சாண் முன்னால் இருக்கிறது. லக்கின் பின்முகம் மரத்தில் உட்காராமல் இடைவெளி விட்டிருக்கிறது. சுடும்போது ஆக்‌ஷன் முழுசும் பின்னால் வந்து, லக் தாங்க வேண்டிய உதையை வால் தாங்குகிறது. குறுகிய வால், பின்னால் மெல்லிய கழுத்து, உதை ஆப்படித்தாற்போல் இறங்குகிறது. விரிசலை மட்டும் ஒட்டிவிட்டுப் போனால் சில வேட்டைக்குள் அதே இடத்தில் திரும்ப வரும்.

சரிசெய்யும் வரிசை இது: கழுத்தைப் பக்கவாட்டில் லேசாக வளைத்து விரிசலைத் திறந்து, மெல்லிய எபாக்சியை உள்ளே ஓடவிட்டு, ரப்பர் குழாயால் இறுகக் கட்டி ஒரு நாள் விடுங்கள். கழுத்தின் குறுக்கே உள்பக்கமாக மரைபோட்ட பித்தளைக் கம்பி ஒன்றைச் செருகி எபாக்சியால் பூட்டினால் இன்னும் உறுதி. அடுத்து லக்குக்கு எபாக்சி இருக்கை. கடைசியாக வாலுக்குப் பின்னால் அரை மில்லிமீட்டர் அளவுக்கு மரத்தை எடுத்து இடைவெளி விடுங்கள். இந்த இடைவெளி அழகாக இல்லை என்று பலர் மனம் ஒப்பாமல் இறுக்கமாகவே விட்டுவிடுகிறார்கள். உதையில் மரம் தப்பிப்பதே அந்த இடைவெளியால்தான். ராணுவ மௌசர் கட்டைகளில் லக்குக்குப் பின்னால் குறுக்கே ஒரு எஃகு போல்ட் போயிருப்பதும் உதையை அகலமாகப் பரப்பத்தான். பெரிய தோட்டாவுக்குக் கட்டை செய்பவர்கள் அதையே இன்றும் பின்பற்றுகிறார்கள்.

புதுக் கட்டை வாங்கும்போதே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. கழுத்தில் மர ரேகை கைப்பிடியின் சாய்வோடு நீளவாக்கில் ஓட வேண்டும். குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் எவ்வளவு அழகான வால்நட்டாக இருந்தாலும் வேண்டாம். சித்திர வேலைப்பாடுபோன்ற ரேகையெல்லாம் பின்கட்டையில் இருக்கட்டும்.

ஒவ்வொரு முறையும் திருகு தளர்கிறது

மரம் நசுங்கிக்கொண்டே வருகிறது என்று அர்த்தம். வெறும் மரத்தில் ஆக்‌ஷன் திருகை 4 முதல் 5 நியூட்டன் மீட்டர் வரைதான் இறுக்கலாம். அதற்கு மேல் போனால் மரம் நசுங்கும், அடுத்த முறை தளரும், மறுபடி இறுக்குவீர்கள், மறுபடி நசுங்கும். திருகுத் துளைகளில் அலுமினியத் தூண்களை எபாக்சியில் பதித்துவிட்டால் உலோகம் உலோகத்தோடு முட்டும். அப்போது ரெமிங்டன் 700-இன் திருகை 7 நியூட்டன் மீட்டருக்குக் கொஞ்சம் மேல் வரை தைரியமாக இறுக்கலாம். கைக்கணக்கு வேண்டாம், சிறிய டார்க் ரெஞ்ச் ஒன்று வாங்கிவிடுங்கள்.

மழைக்காலத்தில் ஒரு இடம், கோடையில் ஒரு இடம்

வெளியே கண்ணாடிபோல் பாலிஷ் செய்துவிட்டு உள்ளே பூச்சில்லாத வெறும் மரமாக விட்டிருந்தால் கட்டை ஈரத்தைக் குடித்து முறுக்கும். பேரல் பள்ளம், லக் குழி, தோட்டாப் பெட்டியின் உட்சுவர், ரப்பர் பேடுக்கு அடியில் இருக்கும் பின்முனை என்று எல்லாவற்றுக்கும் எண்ணெய்ப் பூச்சு போக வேண்டும். பின்முனைதான் எல்லோரும் மறக்கும் இடம். அங்கே மர ரேகை வாய் திறந்து நிற்பதால் ஈரம் அதிலேதான் அதிகம் ஏறும்.

கன்னத்தில் அடி, ஸ்கோப் புருவத்தில் வெட்டு

ராணுவக் கட்டையின் கன்னமேடு, தாழ்வான இரும்புக் குறிக்கு ஏற்றது. அதன்மேல் ஸ்கோப் வைத்தால் தலையைத் தூக்கித் தேட வேண்டியிருக்கும், கன்னம் மரத்தில் படாமல் தொங்கும், உதையில் மரம் எழும்பி வந்து அடிக்கும். கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தைக் கட்டையில் வசதியாகச் சாயுங்கள், பிறகு கண்ணைத் திறங்கள். ஸ்கோப்பின் நடுவில் முழு வட்டம் தெரிந்தால் உயரம் சரி. கீழ்ப்பக்கம் கறுப்பாகத் தெரிந்து தலையைத் தூக்கினால்தான் சரியாகிறது என்றால் கன்னமேட்டை உயர்த்த வேண்டும். மேடு முன்பக்கமாகக் கொஞ்சம் சரிந்திருந்தால் உதைக்கும்போது மரம் கன்னத்தை விட்டு விலகிப் போகும். மான்டே கார்லோ என்கிற வடிவக் கட்டைகளில் அந்தச் சரிவை வைத்ததே இதற்காகத்தான்.

புருவத்தில் வெட்டு விழுந்தால் ட்ரிகரிலிருந்து பின்முனை வரையுள்ள நீளத்தை அளந்து பாருங்கள். கடைக் கட்டைகளில் 34 செ.மீ. சுற்றி இருக்கும். உயரமானவர்களுக்கு இது குட்டை. ரப்பர் பேடுக்கு அடியில் ஒரு தகடு சேர்த்தால் போதும். குளிர்காலத்தில் தடித்த கோட்டு போட்டு வேட்டைக்குப் போகும் இடங்களில் அந்தக் கோட்டோடுதான் அளவு எடுக்க வேண்டும்.

பூச்சு பிசுபிசுக்கிறது

ஒரு வாரம் ஆகியும் கையில் ஒட்டுகிறது என்றால் எண்ணெய் தடிமனாகப் பூசப்பட்டிருக்கிறது. மேல்தோல் காய்ந்து உள்ளே காற்றுப் போகாமல் அடைந்துவிட்டது. காத்திருப்பதில் பயனில்லை. டர்பன்டைன் நனைத்த துணியால் பிசுக்கை முழுக்கத் துடைத்தெடுத்து, இரண்டு நாள் வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பிறகு விரல் நுனியில் இரண்டு சொட்டு மட்டும் எடுத்து, உள்ளங்கைச் சூடு ஏறும்வரை தேய்த்து, மிச்சத்தைத் துணியால் துடைத்துவிடுங்கள். ஆளிவிதை எண்ணெயாக இருந்தாலும் ட்ரூ-ஆயில் என்கிற கடைப் பூச்சாக இருந்தாலும் ஒரு பூச்சுக்கும் அடுத்ததற்கும் ஒரு நாளாவது விட வேண்டும்.

பழைய ராணுவக் கட்டையைப் புதுப்பிக்கும்போது பூச்சு ஏறவே மறுத்தால், மரத்துக்குள் பல ஆண்டு கிரீஸ் ஊறியிருக்கிறது. சுண்ணக்கட்டிப் பொடியை டர்பன்டைனில் குழைத்துக் கட்டை முழுக்க அப்பி, உலர்ந்ததும் ஹீட் கன்னால் லேசாகச் சூடு காட்டுங்கள். வெள்ளைப் பொடி பழுப்பாக மாறுவதைப் பார்க்கலாம். டர்பன்டைன் ஆவியில் தீப்பற்றும் என்பதால் பூசியது முழுக்க உலர்ந்த பிறகுதான், அதுவும் திறந்த வெளியில்தான், சூடு காட்ட வேண்டும். பொடி வெள்ளையாகவே நிற்கும்வரை திரும்பச் செய்யுங்கள். நசுங்கிய குழிகளுக்கு ஈரத்துணியை வைத்து மேலே இஸ்திரிப் பெட்டியை அழுத்தினால் நார் அறுபடாத குழியெல்லாம் நீராவியில் எழும்பிவிடும். உப்புத்தாள் அதற்கு அப்புறம்தான்.

எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போடாதீர்கள். ஆளிவிதை எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். கசக்கிப் போட்ட துணி எந்த நெருப்பும் படாமல் தானாகவே பற்றிக்கொள்ளும். ஒவ்வொரு துணியையும் விரித்து வெளியே கொடியில் காயப் போடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய மூடியுள்ள தகர டப்பாவில் முக்கி வையுங்கள்.